பார்வதி அக்காவின் வெண்கட்டிக் கோடுகள்

“பார்வதியக்கா தவறிட்டாங்க.”

தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மணியத்திடமிருந்து இந்த ஒற்றை வரி கைப்பேசிக்கு வந்தபோது, கோலாலம்பூர் அலுவலகத்தில் உட்கார்ந்து தீபாவளி நாள் சோதனைக்கான திட்டத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். “புகார்தாரர் திருமதி பார்வதி முன்னிலையில் ஓசை அளக்கப்படும்” என்ற வரியை முடித்து முற்றுப்புள்ளி வைத்த கை அது. அதே கையால் மணியத்துக்கு “எந்தப் பார்வதி?” என்று பதில் போட்டேன். எனக்குத் தெரிந்த பார்வதி உலகத்தில் ஒருவர்தான். இருந்தும் அப்படித்தான் கேட்டேன்.

மணியம் உடனே கூப்பிட்டார். “நம்ம ஆயாக் கொட்டாய் பார்வதியக்கா சார். காலையில பத்து மணி இருக்கும். பிள்ளைங்களுக்குப் பால் கலக்கி வச்சுட்டு நாக்காலியில ஒக்காந்தாங்களாம். கூட ஒத்தாசைக்கு இருக்குற நூரு வந்து பாத்துட்டு, தூங்குறாங்கன்னு நெனச்சு சத்தம் போடாமப் போயிருச்சு. மறுபடி வந்து பாத்தப்பதான் தெரிஞ்சது. ஹார்ட்டுன்னு சொல்றாங்க.”

ஐம்பத்து நான்கு வயது. மாத்திரை மருந்து என்று ஒன்று கிடையாது. லயத்து வீடுகளிலிருந்து, பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்ட கொட்டகைக்கு ஏறும் அந்தச் செங்குத்துப் படியில், என் கருவிப் பெட்டிகளில் கனமானதைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறுகிறவர். முந்தின நாள் மாலைதான் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். காரில் போகும்போது அரைகுறையாகக் கேட்டேன். நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டைவிரலை உயர்த்திய ஒரு பொம்மைப் படத்தைப் பதிலாகப் போட்டுவிட்டு வண்டியை ஓட்டினேன். இரண்டு ஆண்டு என்னோடு மல்லுக்கு நின்ற மனுஷிக்கு நான் கடைசியாகச் சொன்ன சொல் ஒரு கட்டைவிரல். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தோட்டத்தில் அவரோடு வாழ்ந்த உங்களுக்கு நான் அவரைப் பற்றி எதுவும் புதிதாகச் சொல்லிவிட முடியாது. உங்கள் பிள்ளைகளை அவர் மடியில் போட்டுவிட்டுத்தான் நீங்கள் கொழுந்தெடுக்கப் போனீர்கள். ஆனால் எனக்கும் அவருக்கும் நடந்த சண்டையின் முழுக்கதை உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.

நான் ஓசை அளக்கும் பொறியாளன். மின்நிலையங்களுக்குச் சாதனங்கள் அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. உங்கள் தோட்டத்துக்கு மேலே, மலைச்சரிவை வெட்டிக் கட்டிய துணைமின் நிலையத்தில் ரியாக்டர் என்று ஒன்றை நாங்கள்தான் வைத்தோம். பெயரைக் கேட்டு, முதல் வாரமே உங்களில் சிலர் அணுகுண்டு வந்துவிட்டது என்று பயந்தீர்கள். அது வெறும் இரும்பும் செம்புக் கம்பியும் எண்ணெயும் நிறைந்த பெரிய தொட்டி. ஊரில் மின்சாரச் செலவு குறையும்போது நீண்ட கம்பிகளில் மின்னழுத்தம் பால் பொங்குகிற மாதிரி மேலேறும். அதைப் பொங்கவிடாமல் இறக்கிவைப்பதுதான் ரியாக்டரின் வேலை. வேலை செய்யும்போது உள்ளே இருக்கும் இரும்புத் துண்டுகள் நொடிக்கு நூறு முறை ஒன்றையொன்று இழுத்து விடும். அந்த அதிர்வு தொட்டிக்கு வந்து, தொட்டியிலிருந்து காற்றுக்கு வந்து, ‘ம்ம்ம்’ என்று ஒரே சுதியில் முனகும். பெரிய சத்தமில்லை. வெளியே நின்றால் பலருக்குக் காதில் விழாது. அறைக்குள் வந்துவிட்டால் போகாது.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, முதல்முறையாக அளக்க வந்தேன். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் தூங்க முடியாமல் வீறிடுகிறார்கள் என்று புகார். எழுதியவர் பார்வதி. முக்காலியை நிறுத்தி, மைக்கை மாட்டி, நான் அளந்து முடிக்கும்வரை அவர் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். எண்கள் எல்லாம் அனுமதித்த அளவுக்குக் கீழே. கருவியை மூடி, அறிக்கையில் கையெழுத்தும் போட்டு, “ஒன்றுமில்லைக்கா, அளவுக்குள்தான் இருக்கு” என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

“தம்பி, அது இப்ப தூங்குது” என்றார்.

“எது?”

“ஒங்க மெசினு. வேல நாள்ல பகல்ல தூங்கும். எல்லாரும் லைட்ட அமத்துனாத்தான் அது எந்திரிக்கும். ஞாயித்துக்கெழம கத்தும். லீவு நாள்ல கத்தும். நீங்க தூங்குறவன் வாயில மைக்க வச்சுட்டு, பேச மாட்டேங்குறான்னு எழுதிட்டுப் போறீங்க லா.”

நான் படித்தவன் இல்லையா? தோட்டத்து அம்மாளுக்கு என்ன தெரியும் என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். போகிற வழியில் ஏதோ உறுத்தியதால் மின்நிலையத்துக்கு ஏறி, இயக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். அன்று காலை ஆறரை மணிக்கே ரியாக்டரை நிறுத்தியிருந்தார்கள். ஓடாத இயந்திரத்தின் ஓசையை அளந்து, அளவுக்குள் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! சுமை குறையும்போதுதான் அது ஓடும் என்பது நான் பாடப் புத்தகத்தில் படித்துத் தேறிய பாடம். அவர் அதைப் பிள்ளைகளின் அழுகையில் படித்திருந்தார். அவமானத்தில் எனக்குக் காது சிவந்தது. ஆனால் அந்த அறிக்கையை அன்றே கிழித்துப் போட்டேனா என்றால், இல்லை. அது மேலே போய்விட்டது. திருப்பி வாங்கினால் பல்லைக் காட்ட வேண்டும். அவருக்கு நான் செய்த குற்றம் இது. பின்னால் அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் அளந்தால் தீர்ந்ததே என்று நீங்கள் நினைக்கலாம். போனேன். கொழுந்து முற்றும் பருவத்தில் ஞாயிறென்றும் பாராமல் பறிப்பு நடக்கிறது, கொட்டகையும் திறந்திருக்கிறது, ரியாக்டரும் முனகுகிறது. ஆனால் கீழே தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் மின்விசிறிகள் வரிசையாக ஓடுகின்றன. என் கருவியில் இரண்டும் கலந்துதான் பதிவாயின. “அது ஆலை விசிறியின் சத்தம், நமக்குச் சம்பந்தமில்லை” என்று எங்கள் மேலாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். ஆலை நிர்வாகம் அது ரியாக்டர் என்றது. நடுவில் பிள்ளைகள்.

“ஃபேக்டரி முழுசா நிக்கிறது வருசத்துல ஒரே நாளுதான் தம்பி. தீவாளி. அன்னிக்கு வாங்க. அது மட்டும் தனியா கத்தும்” என்றார் பார்வதியக்கா.

தீபாவளியன்று எந்தத் தமிழன் வேலைக்கு வருவான்? நான் கிள்ளானில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். காலை ஏழு மணிக்கு, தலையில் எண்ணெய் வழிய நான் நிற்கும்போது கைப்பேசி அடித்தது. “கேளுங்க தொரை” என்று சொல்லிவிட்டு அவர் கைப்பேசியைக் கொட்டகைத் தரையில் வைத்துவிட்டார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கைப்பேசி அவ்வளவு தாழ்ந்த அடிச்சுதி ஓசையை எடுத்து அனுப்பாது. அதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். “அக்கா, ஒண்ணும் கேக்கலியே” என்றேன். “ஆமா, போனுக்கே கேக்கல, போன வச்சிருக்குற ஒங்களுக்கு எங்க கேக்கப் போவுது? போய்க் குளிங்க. ஹேப்பி தீவாளி” என்று வைத்துவிட்டார். அன்று முதல் எனக்கு மீட்டர் தொரை என்று பெயர்.

அடுத்த தீபாவளிக்கு, அதாவது போன வருஷம், போனேன். வீட்டில் என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. விடிந்ததும் ரிங்லெட் ஊரைத் தாண்டி மலையேறியபோது ஆலையில் ஒரு விசிறியும் சுற்றவில்லை. லயத்தில் பட்டாசும், வாசலில் கோலமும், கோழிக்கறி மணமும். பார்வதியக்கா புதுப்புடவையோடு கொட்டகையைத் திறந்துவிட்டார். உள்ளே காலடி வைத்தேன். அந்த ‘ம்ம்ம்’ என் நெஞ்செலும்புக்குள் வந்து உட்கார்ந்தது. முதன்முதலாக அப்போதுதான் அதை நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். ஏழெட்டு நிமிடத்தில் எனக்கே பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஒரு கைக்குழந்தை இதில் எப்படித் தூங்கும்?

சிமென்ட் தரையில் இரண்டு வெண்கட்டிக் கோடுகள் இருந்தன. இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் சற்றுத் தள்ளி, நேராக, நீளமாக. பிள்ளைகளின் பாய்களை வரிசையாகப் போடுவதற்கு என்று நினைத்து, மைக்கை நடு அறையில் நிறுத்தினேன். அவர் சிரித்தார். “அங்க ரொம்பக் கத்தும். செவுத்துக்கிட்டயும் கத்தும். கோட்டு மேல வைங்க.”

வைத்தேன். எண் சட்டென்று விழுந்தது. மைக்கை ஒரு முழம் நகர்த்தினால் ஏறியது. கோட்டுக்குத் திரும்பினால் விழுந்தது. அறையின் அகலமும் அந்த ஓசை அலையின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அலை சுவர்களுக்கு நடுவே அப்படியே நின்றுவிடும். சில இடத்தில் உரக்கவும் சில இடத்தில் அடங்கியும் கேட்கும். கணினியில் நான் அரை நாள் செலவழித்துப் போட்டிருக்க வேண்டிய படத்தை அவர் தரையில் போட்டு வைத்திருந்தார்.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“எப்பிடி? படுத்துத்தான். ஒரு சாண் நவுந்து படு, கேளு. இன்னொரு சாண் நவுந்து படு, கேளு. நாலு ஞாயித்துக்கெழம ஆச்சு. பிள்ளைங்களுக்கு வாய் இல்ல, நான்தானே படுத்துப் பாக்கணும்? தெனம் தரை தொடச்சா அழிஞ்சிரும். மறுபடி போடுவேன்.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆனா கோட்டு மேல ஏழு பாய்தான் கொள்ளும் தம்பி. பிள்ளைங்க பதினொண்ணு. நாலு பேர ஞாயித்துக்கு ஞாயிறு மாத்தி மாத்தி சத்தத்துல போடுறேன். எந்த நாலுன்னு நான்தான் முடிவு பண்றேன்.”

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். முதல் அறிக்கையை அறிந்தே திருப்பி வாங்காமல் விட்டதை அப்போது சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். “சத்தம் போடுறது தப்பில்ல தம்பி. மெசினுன்னா போடத்தான் செய்யும். இல்லவே இல்லன்னு எழுதுறதுதான் தப்பு. அத மாத்தி எழுதுங்க, வந்து சாப்டுங்க” என்றார். இரண்டையும் செய்தேன்.

மாற்றி எழுதியதால் அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. வழக்கமான கணக்கில் கருவி அடிச்சுதி ஓசைகளைக் குறைத்தே மதிப்பிடும். நான் அதைக் குறைக்காமல் கொடுத்திருந்தேன். அதற்கே நாலு கூட்டம் நடந்தது. கடைசியில் வேலை தொடங்கியது. தொட்டியின் காலடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்த் திண்டுகள் வைத்தார்கள். சுற்றி ஓசைத் தடுப்புச் சுவர் எழுப்பி, உட்புறம் ஓசையை உறிஞ்சும் பலகை அறைந்தார்கள். மூன்று பக்கம் மட்டும். நான்காவது பக்கத்தை, பளுதூக்கி லோரி வந்து போக வேண்டும் என்று திறந்து விட்டார்கள். அந்தப் பக்கம் வெறும் மலைதானே, யாரும் குடியில்லையே என்றார்கள். நானும் சரி என்றேன். இந்தத் தீபாவளியன்று கடைசிச் சோதனை. படிவத்தில் புகார்தாரர் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. அவர் கேட்டுப் பார்த்து, போதும் என்று கையெழுத்துப் போட்டால்தான் கோப்பை மூட முடியும். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் போனார்.

செய்தி கேட்ட மறுநாள் தாப்பா வழியாக மலையேறினேன். பாதையில் காய்கறி லோரி ஒன்று சாய்ந்து இரண்டு மணி நேரம் நெரிசல். நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கணவர் வேலு அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நேத்து காலையில கூட ஒங்களத் திட்டிட்டுத்தான் போனா சார்” என்றார். கொட்டகை வாசல்வரை நடந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். உள்ளே அந்த நாற்காலி இருக்கும்.

அலுவலகம் திரும்பினால் அடுத்த இடி. விஷயத்தைச் சொன்னதும் மேலாளர் முகம் வாடியது, உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, “அப்படியென்றால் புகார்தாரர் இல்லை. கோப்பை மூடிவிடலாமே லா. தீபாவளிக்கு நீ ஏன் அலைகிறாய், குடும்பத்தோடு இரு” என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஒரு மனுஷியின் மூச்சு நின்றால் ஓர் இயந்திரத்தின் முனகலும் காகிதத்தில் நின்றுவிடும் என்று ஒரு விதி இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. நான் சத்தம் போட்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அறைக்கு வெளியே எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

தீபாவளியன்று போனேன். இம்முறை மனைவியே கிள்ளான் முறுக்கு ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள். துக்கம் விழுந்த வீடு; வேலு அண்ணன் வீட்டில் விளக்கில்லை, எண்ணெய்க் குளியல் இல்லை. லயத்திலும் பிள்ளைகள் பட்டாசைத் தூரமாகக் கொண்டுபோய் வெடித்தார்கள். அவர் ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் நீட்டினார். உள்ளே கொட்டகைச் சாவியும், தேய்ந்த வெண்கட்டி ஒன்றும் இருந்தன. “ரெண்டையும் சேத்துத்தான் வச்சிருப்பா” என்றார்.

கொட்டகைக்கு நூர் வந்தாள். சரளமாகத் தமிழ் பேசும் இந்தோனேசியப் பெண். இப்போது பிள்ளைகளைப் பார்ப்பது அவள்தான். கோடுகள் தரையில் அப்படியே இருந்தன. “தொடைக்கும்போது அது மேல கை வைக்கல சார். அக்கா போட்டது” என்றாள். மைக்கை நடு அறையில் வைத்தேன். எண் நன்றாக விழுந்திருந்தது. போன வருஷத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் பாதி. சுவரோரம் வைத்தேன். அங்கும் அளவுக்குள். “எல்லா எண்ணும் அளவுக்குள்தான், மீட்டர்ல ஒன்றுமில்லை” என்று நூரிடம் சொன்னேன். கோப்பை மூட இதற்கு மேல் என்ன வேண்டும்? படிவத்தை எடுத்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் செய்தி நினைவுக்கு வந்தது. மூன்று வாரமாக மறுபடி கேட்கப் பயந்து வைத்திருந்ததை அங்கேயே போட்டேன். காலியான கொட்டகையில் அவர் குரல் கேட்டதும் நூர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மீட்டர் தொரை, தீவாளிக்கு வர்றீங்கல்ல? இந்த வாட்டி கோட்டு மேல படுத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிறாதீங்க. செவுத்து ஓரமா படுங்க. அங்க கேக்கலன்னாத்தான் கேக்கல. அப்பத்தான் நான் கையெழுத்துப் போடுவேன், ஆமா.”

கருவியை அணைத்தேன். சட்டையோடு சுவரோரமாகத் தரையில் படுத்துக் கண்ணை மூடினேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டோம் அக்கா என்று மனம் துள்ளியது. ஒரு சாண் நகர்ந்து படுத்தேன். இன்னொரு சாண். பின்பக்கச் சன்னலுக்குக் கீழே வந்தபோது கேட்டது. மெல்லியதாக, அதே சுதியில், ‘ம்ம்ம்’. எழுந்து சன்னலுக்கு வெளியே பார்த்தேன். நேர் எதிரே, வெட்டிய மலைச்சரிவு. நாங்கள் திறந்துவிட்ட நான்காவது பக்கத்திலிருந்து போகும் ஓசை அந்த மண்சுவரில் பட்டு நேராக இங்கே திரும்பி வருகிறது. குடியில்லாத பக்கம் என்று நானும்தானே சரி சொன்னேன்.

“கேக்குதா சார்?” என்றாள் நூர்.

“கேக்குது.”

“எனக்கும் கேக்கும் சார். மீட்டர்ல இல்லன்னு நீங்க சொன்னீங்க, அதான் சொல்லல.”

பார்வதியக்கா இருந்திருந்தால் இந்தப் பெண்ணைத் திட்டியிருப்பார். என்னை இன்னும் அதிகமாக.

அவருடைய டின்னைத் திருப்பிக் கொடுக்கும்போது வேலு அண்ணனிடம் கேட்டு அந்த வெண்கட்டித் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் கருவிப் பெட்டியில், மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. இனி எந்த ஊருக்கு அளக்கப் போனாலும் முதலில் படுப்பேன், பிறகுதான் மைக்கை மாட்டுவேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.

அவர் பெயரில் இருந்த கோப்பை விதிப்படி மூடிவிட்டார்கள். மறுநாளே நான் புதிய படிவம் ஒன்றைக் கொட்டகைக்கே எடுத்துப்போனேன். நாலாவது பக்கச் சுவர் வேண்டும் என்று எழுதினேன். ஓசை கேட்கும் இடம் என்ற கட்டத்தில், ஆயாக் கொட்டகை, பின்பக்கச் சன்னலுக்குக் கீழே, தரையில் என்று எழுதினேன். புகார்தாரர் என்ற கட்டத்தில் இரண்டு பெயர். முதலில் நூர் தன் கையெழுத்தைப் போட்டாள். அதற்குக் கீழே, முதல் அறிக்கையில் ஒன்றுமில்லை என்று போட்ட அதே கையெழுத்தை நான் போட்டேன்.